உமிச் சாம்பலில் வெந்த கால்கள்: ஓர் இழப்பீட்டு வழக்கு

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில், நெல் அவித்து அரைக்கிற ஒரு சின்ன மில்லில் 2022 பிப்ரவரியில் நடந்த விபத்து இது. சம்பா அறுவடை முடிந்து களமெல்லாம் நெல் குவிந்து கிடக்கிற நேரம். பாதிக்கப்பட்டவருக்கு அப்போது 43 வயது. அவருக்காக வழக்கு நடத்தியவன் நான். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர், பெயர், மில் எதையும் சொல்லப் போவதில்லை. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். ஆபீசில் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை இதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. வேலை செய்த இடத்தில் கால் வெந்தது, வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும். அவ்வளவுதான். ஆனாலும் பணம் கைக்கு வர மூன்று வருடம் ஆனது. காரணம், விபத்து நடந்த முதல் நாற்பது நாளில் அக்காவைப் பற்றி மற்றவர்கள் எழுதி வைத்த மூன்று காகிதங்கள்: ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, போலீஸ் ஸ்டேஷனில் அவர் கணவர் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம், அப்புறம் ஒரு இருபது ரூபாய் முத்திரைத்தாள். மூன்றிலும் அக்கா சொன்ன வார்த்தை ஒன்றுகூட இல்லை.

குழி

நெல் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அவியல் மில்லில் பாய்லருக்குத் தீனி உமிதான். நெல்லோடு சும்மா வருவதை விட்டுவிட்டு யாரும் விறகு வாங்குவதில்லை. ஒரு நாளைக்குப் பத்து டன் நெல் அவித்தால் இரண்டு டன் உமி. அத்தனையும் எரிந்தால் நானூறு கிலோ சாம்பல். அதை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். பெரிய மில்களில் அதற்கென்று தொட்டி கட்டியிருப்பார்கள். இந்த மில்லில் பாய்லர் கொட்டகைக்குப் பின்னால் மண்ணில் தோண்டிய குழி ஒன்று இருந்தது, அதுவும் களத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதையை ஒட்டி.

உமிச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. சூட்டை லேசில் வெளியே விடாது. மேலே கருத்து ஆறிப்போன மாதிரி கிடக்கும், உள்ளே இரண்டு மூன்று நாள்கூடக் கனன்று கொண்டிருக்கும். மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். மேற்பரப்பு இறுகித் தரை மாதிரி ஆகிவிடும், அடியில் நெருப்பு அப்படியே இருக்கும். பல் தேய்க்க உமிக்கரி அள்ளப் போகிற கிழவிகளுக்கு இது தெரியும். ஓரத்தில் இருந்துதான் அள்ளுவார்கள்.

முந்தின நாள் ராத்திரி பாய்லரில் இருந்து வாரிய சாம்பல் குழி நிரம்பிப் பாதை வரைக்கும் வழிந்திருக்கிறது. யாரோ தண்ணீர் தெளித்து மட்டம் பண்ணியிருக்கிறார்கள். காலை ஆறரை மணி, நல்ல பனி. தலையில் காலிச் சாக்குக் கட்டோடு களத்துக்குப் போன அக்கா பாதை என்று நினைத்து இடது காலை வைத்தார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை உள்ளே இறங்கியது. அதை எடுப்பதற்காக வலது காலை ஊன்றினார். அதுவும் இறங்கியது.

பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கி, நெல் ஊறல் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றியிருக்கிறார்கள். சுத்தமான தண்ணீர் இல்லை, புளித்த நெல் ஊறிய தண்ணீர். இருந்தாலும் ஊற்றியது சரிதான். இரண்டு நிமிடம் ஆவதற்குள் ஒருவர் வந்து, "தண்ணி பட்டா கொப்பளம் போட்டுடும், நிறுத்துங்க" என்று சொல்லித் தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டார். இந்த நம்பிக்கை நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. தீக்காயத்துக்கு முதல் மருந்து ஓடுகிற குளிர்ந்த தண்ணீர், குறைந்தது இருபது நிமிடம். வெந்து மூன்று மணி நேரத்துக்குள் எப்போது ஊற்றினாலும் பலன் உண்டு. எண்ணெய், மை, பற்பசை, முட்டை எதுவும் கூடாது, ஐஸும் கூடாது. அக்காவின் பாதத்தில் ஒட்டியிருந்த கனல் துகள் மேலேதான் எண்ணெய் தடவினார்கள். பின்னால் காயத்தின் ஆழத்தைப் பார்த்த மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியும் அந்த எண்ணெயைப் பற்றித்தான்.

முதல் காகிதம்

கணக்குப்பிள்ளைதான் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். வழியெல்லாம் அக்காவின் தலையைப் பிடித்துக்கொண்டு வந்ததும் அவர்தான். முதலில் ஒரு தனியார் கிளினிக். அங்கே கட்டுப் போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மாவட்ட எல்லை தாண்டி அரசு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி.

அங்கே பதிவேட்டில் எப்படி நடந்தது என்று கேட்டபோது கணக்குப்பிள்ளை சொன்ன பதில்: "வீட்ல வெந்நீர் கொட்டிடுச்சு."

ஏன் அப்படிச் சொன்னார் என்று குறுக்கு விசாரணையில் கேட்டேன். மில் என்று சொன்னால் போலீஸ் கேஸ் ஆகும், கேஸ் என்றால் உடனே வைத்தியம் பார்க்க மாட்டார்கள் என்று பயந்ததாகச் சொன்னார். பாதி பொய், பாதி நிஜம். அந்தப் பயம் ஊருக்குள் உண்மையிலேயே இருக்கிறது. 1989-லேயே உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவருக்கு வைத்தியம்தான் முதலில், போலீஸ் நடைமுறை எல்லாம் அதற்குப் பிறகு. இது நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்து சேரவில்லை.

பதிவேட்டில் எழுதிய மருத்துவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. கூட வந்தவர் சொன்னதை எழுதினார். அக்காவுக்கு அப்போது வலி ஊசி போட்டிருந்தது. ஆனால் ஏ.ஆர். என்பது சம்பவத்துக்குப் பிறகு முதன்முதலாக எழுதப்படும் ஆவணம். எந்த விசாரணையிலும் அதற்குத் தனி மதிப்பு உண்டு. இரண்டு வருடம் கழித்து நூறு பேர் வந்து மில்லில்தான் நடந்தது என்று சொன்னாலும், எதிர்த் தரப்பு அந்த ஒரு வரியைக் காட்டி உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது காகிதம்

அந்தப் பொய்க்கு யாரும் எதிர்பார்க்காத ஒரு விளைவு வந்தது. கல்யாணமான பெண், வீட்டில் வெந்திருக்கிறார் என்று ஆஸ்பத்திரியில் இருந்து தகவல் போனால் போலீசுக்கு முதல் சந்தேகம் யார் மேல் வரும்? கணவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு ராத்திரி பத்து மணி வரை உட்கார வைத்துவிட்டார்கள். டிராக்டர் ஓட்டுகிறவர், ஸ்டேஷன் வாசலை அதற்கு முன் மிதித்ததில்லை. "சண்டை சச்சரவு எதுவும் இல்லை, வெந்நீர் தவறிக் கொட்டியது, புகார் இல்லை" என்று அவர்கள் எழுதியதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் போட்ட கையெழுத்து, மில்காரர் பையில் இன்னொரு ஆயுதமாகப் போய்ச் சேர்ந்தது. தன் மனைவியின் வழக்கில் அவர் எதிர்த் தரப்புச் சாட்சி மாதிரி ஆகிவிட்டார். இதை நினைத்து அந்த மனிதர் என் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

மூன்றாவது காகிதம்

அக்கா 46 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வளர்ந்த ஒருவருக்கு ஒரு முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி உடல் பரப்பில் ஏறக்குறைய 7 சதவீதம், ஒரு பாதம் மூன்றரை. அக்காவுக்கு மொத்தம் 13 சதவீதம் என்று குறித்திருந்தார்கள். கேட்பதற்குச் சின்ன எண் மாதிரி இருக்கும். ஆனால் பாதங்களில் ஏற்பட்டவை முழு ஆழக் காயங்கள். இரண்டு தொடையில் இருந்தும் தோல் எடுத்து ஒட்டினார்கள்.

நாற்பதாவது நாள் வார்டுக்கு மில்காரரின் மைத்துனர் வந்தார். கையில் 25,000 ரூபாய், கூடவே எழுதிக் கொண்டு வந்த முத்திரைத்தாள். "மனிதாபிமான அடிப்படையில் தரப்பட்ட உதவியைப் பெற்றுக்கொண்டேன், இனி எக்காலத்திலும் எந்தப் பாத்தியதையும் கோர மாட்டேன்." கீழே கைநாட்டு.

இந்த மனிதாபிமானம் என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அரசாங்கம் அறிவிக்கிற நிவாரணம் வேறு, சட்டப்படி வரவேண்டிய இழப்பீடு வேறு. நம் ஊரில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, முதலாளி பார்த்து ஏதாவது செய்வார் என்று காத்திருக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அக்காவும் பதினேழு மாதம் அப்படித்தான் காத்திருந்தார்.

என்னிடம் வந்தது

2023 ஜூலையில் அவர்கள் மகளிர் குழுத் தலைவி கூட்டிக்கொண்டு வந்தார். அப்போதைய சட்டப்படி விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டியிருந்தது. இன்னும் ஏழு மாதம் தாமதித்திருந்தால், தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற மனுவில் இருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

நான் கேட்ட முதல் கேள்வி ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருக்கிறதா என்பது. ஈ.எஸ்.ஐ. சட்டத்துக்குள் வருகிறவர் வேலையில் அடிபட்டால் அங்கேதான் போக வேண்டும். 53-ஆவது பிரிவு வேறு இழப்பீட்டுக் கதவை மூடிவிடும். மின்சாரத்தில் ஓடுகிற ஆலைக்கு அது பொருந்தப் பத்துப் பேர் வேண்டும். இந்த மில்லில் கூப்பிட்டால் வருகிறவர்களையும் சேர்த்து எட்டுப் பேர். ஆக, 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்தான் வழி. (2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது, புதிய விபத்துகளுக்கு அதுதான் பொருந்தும். இது பழைய விபத்து, பழைய சட்டம்.)

சிவில் கோர்ட்டில் கவனக்குறைவுக்காக நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாமே என்று குழுத் தலைவி கேட்டார். நல்ல கேள்வி. அங்கே வலிக்கு, வேதனைக்கு, தழும்புக்கு என்று தனித்தனியாகக் கேட்க முடியும். ஆனால் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும், முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், எத்தனை வருடம் என்று யாராலும் சொல்ல முடியாது. இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தப்பு என்ற கேள்வியே கிடையாது. வேலையினால், வேலையின்போது அடிபட்டதா என்பது மட்டும்தான். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது போய்விடும். அக்காவிடம் இரண்டையும் விளக்கினேன். "சீக்கிரம் எதுல முடியும் தம்பி?" என்றார். இழப்பீட்டுச் சட்டத்தில்தான் சீக்கிரம் என்று சொன்னேன். அப்படிச் சொன்னதற்குப் பிறகு வெட்கப்பட்டேன், அது வேறு.

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் எழுதிக் கொடுத்தால் போதும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அக்காவின் வழக்கு அப்படி வந்ததில்லை என்றாலும், இதைப் படிக்கிறவர்களுக்கு உதவும்.

சாம்பல் சொன்ன சாட்சி

எதிர்த் தரப்பு வாதங்கள் வரிசையாக வந்தன. அவர் எங்கள் ஆளே இல்லை, நூறு நாள் வேலைக்குப் போகிறவர், அட்டைகூட வைத்திருக்கிறார் என்றார்கள். நாங்கள் அந்த அட்டையையே எடுத்து வைத்தோம். அந்தக் குளிர்காலம் முழுக்க அதில் ஒரு நாள்கூட வேலை பதிவாகவில்லை. அப்புறம், மில்லுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், அவர்தான் பொறுப்பு என்றார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தாலும் மில்காரர்தான் முதலில் கொடுக்க வேண்டும், வேண்டுமானால் அவரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளலாம் என்று 12-ஆவது பிரிவு சொல்கிறது. தினக்கூலி, தற்காலிக ஆள் என்ற வாதத்துக்கு 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இடமே இல்லை.

சம்பளத்துக்கு என்ன ஆதாரம்? மில்லில் பதிவேடு கிடையாது. ஆனால் சனிக்கிழமை சனிக்கிழமை கணக்குப்பிள்ளையின் போனில் இருந்து அக்கா மகளின் போனுக்கு 2,400 ரூபாய் ஜிபே வந்திருந்தது. தினம் 400, ஆறு நாள். விபத்துக்கு ஒரு வருடம் முந்தைய மகளிர் குழுக் கடன் படிவத்திலும் தொழில் என்ற இடத்தில் மில் வேலை என்று எழுதியிருந்தது. விபத்துக்கு முன்னால் எழுதிய காகிதம் என்பதால் அதைச் செட்டப் என்று யாரும் சொல்ல முடியவில்லை.

ஏ.ஆர். காப்பிதான் தொண்டையில் மாட்டிய முள். அதை எடுக்க ஒரு வழிதான் தோன்றியது: ஆஸ்பத்திரியின் முழுக் கோப்பையும் வாங்குவது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. எழுபது பக்கத்துக்கு மேல் இருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டு ஒரு பக்கம்தான், அதை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கு நடத்துகிறவர்கள் நிறைய. மிச்சப் பக்கங்களில்தான் விஷயமே இருக்கும்.

முதல் நாள் கட்டுப் போட்டபோது எழுதிய குறிப்பு ஒன்று, படிக்கவே முடியாத கையெழுத்தில்: இரண்டு பாதத்திலும் கரும்பொடி ஒட்டியிருந்தது, உப்பு நீரால் கழுவி அகற்றப்பட்டது. இரண்டு நாள் கழித்து அறுவை அரங்கக் குறிப்பிலும் கரித் துகள் என்று வருகிறது. காயத்தின் வரைபடத்தில் இடது காலில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வலது காலில் கெண்டைக்கால் பாதியில், சுற்றிலும் கோடு போட்ட மாதிரி நிற்கிறது. கொட்டிய வெந்நீர் அப்படிச் சுற்றுக்கோடு போடாது. தெறிக்கும், வழியும், ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். இது உள்ளே இறங்கிய கால்.

அந்த மருத்துவரையே சாட்சிக்கு அழைத்தோம். வழக்கை விசாரித்த தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "டாக்டர், வெந்நீருக்குள்ள கரி எப்படி வந்துச்சு?" எதிர்த் தரப்பு வக்கீல், வீட்டு விறகு அடுப்புச் சாம்பலாக இருக்கலாமே என்று எழுந்தார். எந்த வீட்டு அடுப்பில் முழங்கால் ஆழத்துக்குச் சாம்பல் கிடக்கிறது? நான் அதைக் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

முத்திரைத்தாளும் அதே வாரம் விழுந்தது. அக்கா கையெழுத்துப் போடத் தெரிந்தவர். மகளிர் குழு நோட்டில் ஏழு வருடமாக வாரா வாரம் அவர் கையெழுத்து இருக்கிறது. கால் வெந்தவரின் கைக்கு என்ன ஆனது, ஏன் கைநாட்டு என்று மைத்துனரைக் கேட்டோம். பதில் இல்லை. அது நிஜமாகவே அவர் மனமறிந்து வைத்ததாக இருந்திருந்தாலும் செல்லாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 17-ஆவது பிரிவில் செல்லாது. அதைவிட முக்கியமானது 8-ஆவது பிரிவு: பெண் தொழிலாளிக்குத் தரும் மொத்த இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், நேராகக் கையில் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகவே கணக்கில் வராது. ஆகவே அந்த 25,000-ஐக் கழிக்கச் சொன்ன கோரிக்கையும் தள்ளுபடி. நூறு வருடத்துக்கு முன்னால் எழுதிய சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு இருப்பது பல வக்கீல்களுக்கே நினைவிருப்பதில்லை.

செருப்பு

கடைசி வாதம் கவனக்குறைவு. செருப்புப் போடாமல் நடந்தது அவர் தப்பு என்றார்கள். குடித்திருந்தது, சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றியது, இப்படிச் சில காரணங்களுக்கு மட்டும்தான் சட்டம் விலக்குத் தருகிறது. வெறும் கவனக்குறைவு அதில் இல்லை. அந்த வாதத்தை நான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் அக்கா கூண்டில் நின்று சொன்ன பதில் அதைவிட நன்றாக இருந்தது.

"களத்துல செருப்பு போட்டுக்கிட்டு போகலாமாங்க? நெல்லுங்க. காலாலதான் துழாவி விடணும். செருப்பைப் பாய்லர்கிட்டயே கழட்டி வெச்சுட்டுத்தான் போகணும்னு ஐயாதான் சொல்லுவாரு."

மில்காரர் தலையைக் குனிந்துகொண்டார். டெல்டாவில் பிறந்தவர் யாரும் அதற்கு மறுபேச்சுப் பேச முடியாது.

கணக்கு

மருத்துவக் குழு கொடுத்த நிரந்தர ஊனம் 30 சதவீதம். இதை அப்படியே எடுத்துக்கொண்டு தொகை கேட்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சட்டம் கேட்பது உடல் எவ்வளவு கெட்டது என்பதை இல்லை. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதை. 1975-இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சருக்கு நூறு சதவீத இழப்பு என்றது உச்ச நீதிமன்றம். ஒரு கையோடு தச்சு வேலை செய்ய முடியாது என்பதுதான் காரணம்.

அக்காவின் வேலை முழுக்கக் காலில் இருந்தது. களத்தில் நெல் துழாவுவது, மில் வேலை இல்லாத நாளில் நாற்று நடவு, களை. ஒட்டிய தோலில் வேர்வை வராது, எண்ணெய்ப்பசை இருக்காது. வெயிலில் பிளக்கும், சேற்றில் ஊறினால் புண்ணாகும். இடது கணுக்கால் மடங்காமல் இறுகிப் போய்விட்டது, இரண்டு விரல் மேலே இழுத்துக்கொண்டது. ஒரு மூத்த பிளாஸ்டிக் சர்ஜன் சாட்சி சொல்லி, சம்பாதிக்கும் திறனில் பாதி போய்விட்டது என்றார். நாங்கள் எழுபது கேட்டோம். ஆணையர் ஐம்பதை ஏற்றார்.

மாதச் சம்பளம் 26 நாளுக்கு 10,400. அதில் 60 சதவீதம் 6,240. (சட்டத்தில் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு: 2020 ஜனவரியில் இருந்து 15,000. அக்காவுக்கு அது குறுக்கே வரவில்லை.) அதை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும், 43 வயதுக்கு 175.54. வருவது 10,95,370. அதில் பாதி 5,47,685 ரூபாய்.

வயதில் ஒரு சண்டை நடந்தது. ஆதாரில் 43, வாக்காளர் அட்டையில் 46. நாற்பத்தாறுக்குக் காரணி 166.29. ஆளைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, பணத்தில் 28,860 ரூபாய் குறையும். ஒரு வயதுக்கு ஏறக்குறைய பத்தாயிரம். அக்கா படித்த ஆரம்பப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் இருந்து சான்று வாங்கி முடித்தோம். அதற்காக நான்கு முறை அலைந்தது குழுத் தலைவிதான்.

இதன் மேல் வட்டி. விபத்து நடந்த அன்றே இழப்பீடு பாக்கியாகிவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீதத் தனி வட்டி. 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது, மார்ச்சில் பணம் கட்டினார்கள். மூன்று வருட வட்டி 1,97,167. பில் இருந்த மருத்துவச் செலவு 18,640. மொத்தம் 7,63,492 ரூபாய். தாமதத்துக்கு அபராதமும் கேட்டோம், அசல் தொகையில் பாதி வரை போட அதிகாரம் உண்டு. கொடுக்கவில்லை. அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

மேல்முறையீடு செய்யப் போவதாக மிரட்டினார்கள். திருவாரூர் மாவட்டம் என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போக வேண்டும். பத்து மைல் தள்ளித் தஞ்சாவூர் மாவட்டமாக இருந்திருந்தால் மதுரைக் கிளை. எங்கே போனாலும் முழுத் தொகையைக் கட்டிய சான்று இல்லாமல் முதலாளியின் அப்பீலை எடுக்க மாட்டார்கள். பணத்தைக் கட்டிய பிறகு சண்டை போடுகிற ஆசை அவர்களுக்குக் குறைந்துவிட்டது. கட்டாமல் இழுத்திருந்தால் நில வரி பாக்கி மாதிரி கலெக்டர் மூலம் வசூலிக்க வழி உண்டு, ஆனால் அது இன்னொரு நீண்ட பயணம்.

எல்லாத் தீக்காயத்துக்கும் இதே வழி என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டு கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்தால், எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறது: இறந்தவருக்கு 6 லட்சம், காயம்பட்டவருக்கு மருத்துவச் செலவு 2 லட்சம் வரை. நுகர்வோர் ஒரு ரூபாய்கூடக் கட்டியிருக்க வேண்டியதில்லை, ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வயலில் அறுந்து கிடந்த மின்கம்பி பட்டு வெந்தால், கவனக்குறைவை நிரூபிக்காமலே மின்வாரியம் பொறுப்பு. 2002-இல் ஷைல் குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. கல்யாண மண்டபத்தில் அண்டா கவிழ்ந்து வெந்த சமையல் ஆளுக்கு மறுபடியும் அக்காவின் வழிதான்.

பணத்தில் ஒரு பகுதியை ஆணையர் அக்கா பெயரில் வைப்பு நிதியில் போட்டார், மிச்சம் கணக்குக்கு வந்தது. கடன் அடைத்து, மகளுக்கு ஒரு தையல் மெஷின் வாங்கினார்கள். இறுகிப் போன கணுக்காலைத் தளர்த்தும் அறுவைக்கு உத்தரவில் எதுவும் இல்லை. அதை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொள்ளலாம் என்று சொன்னார்கள்.

அதற்காகப் போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நானும் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனவன் கூட நின்றேன். சீட்டு எழுதுகிற இடத்தில், எப்படி வெந்தது என்று கேட்டார்கள். கணவர் வாயைத் திறந்தார். அக்கா அவர் கையை அழுத்தினார்.

"மில்லுல. சாம்பக் குழியில. 2022 பிப்ரவரி."

எழுதி முடித்ததும், "அதைக் கொஞ்சம் படிங்க" என்றார். பின்னால் வரிசை நின்றது. எழுதியவர் எரிச்சலோடு சீட்டைத் திருப்பிக் காட்டினார். அக்கா கண்ணாடி கொண்டு வரவில்லை. மகள் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினாள்.